சம்பந்தி ஏற்றிய புது சிஸ்டம்

தெருவில் அவளுக்கு ஊசியம்மா என்று பேர். மெஷின் எம்பிராய்டரி கடை வைத்திருப்பதால் வந்த பேர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது அவள் வாய்க்காக வைத்த பேர் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நூல் கொண்டுவந்து போடுகிறவர் ஒரு கலரை மாற்றிப் போட்டுவிட்டால், அன்றைக்கு அவர் பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவளுடைய வீட்டுக்காரர் முப்பது வருஷமாக இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தேவைப்பட்டால் ஒரு வார்த்தை, தேவைப்படாவிட்டால் அதுவும் இல்லை என்று காலத்தை ஓட்டி வருகிறவர்.

அப்பேர்ப்பட்ட ஊசியம்மா உலகத்திலேயே ஒரு மனிதரிடம் மட்டும் தேனொழுகப் பேசுவாள். அவர் அவளுடைய சம்பந்தி. மகளை அவருடைய ஒரே பையனுக்குக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. மகள் வாழப்போன வீடு, நம் வாயால் அங்கே ஒரு கீறல் விழக் கூடாது என்று கல்யாணத்தன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். அன்றிலிருந்து சம்பந்தி என்ன சொன்னாலும் சரி, என்ன செய்தாலும் அழகு.

சம்பந்தியும் குறை சொல்ல முடியாத மனுஷர்தான். பெரிய ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து, போன மாதம் ஓய்வு பெற்றவர். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. வேலையை விடுவதற்கு முன் கடைசியாக அவர் செய்தது, அந்த ஆபீஸில் இருந்த நானூறு பழைய கம்ப்யூட்டர்களையும் புது சிஸ்டத்துக்கு மாற்றியதுதான். நானூறையும் மாற்றி முடித்த கைக்கு இப்போது ரிமோட்டை அழுத்துவதைத் தவிர வேலை இல்லை. கை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊசியம்மா மகளிடம் போனில் புலம்பிவிட்டாள்.

விஷயம் இதுதான். தீயணைப்பு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பயிற்சி முடித்து வெளியே வருகிறார்கள். சனிக்கிழமை காலை அணிவகுப்பு. ஒவ்வொருவர் சட்டைத் தோளிலும் ஒரு பேட்ஜ் இருக்க வேண்டும். இருநூறு பேட்ஜ். பதினொரு வருஷமாக அந்த வேலை ஊசியம்மாவிடம்தான். பேட்ஜில் இருக்கிற ஏணியும் நெருப்பும் அவள் கையால் ஒவ்வொரு தையலாகக் கம்ப்யூட்டரில் வரைந்தது. நெருப்புக்கு ஒன்பது நாக்கு, மூன்று கலர். பெரிய தொழிற்சாலைக்காரர்கள் இதைப் பார்த்துச் செய்ய முயன்று, அவர்களுடைய நெருப்பு வாழைப்பூ மாதிரி வந்ததாக நிலைய அதிகாரியே சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் இந்த வருஷம் மேலிடத்திலிருந்து புது உத்தரவு. சரக்கு கொடுப்பதற்கு முன் அவர்களுடைய வெப்சைட்டில் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. உங்கள் கருவி பழையது, ஆதரவு இல்லை என்று ஒரு வரி வருகிறது.

"எனக்கும்தான் வயசாகுது, எனக்கு யாரு ஆதரவு?" என்று ஊசியம்மா போனில் கேட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. சோபாவில் சம்பந்தி இருந்தார்.

மறுநாள் புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஐம்பது பேட்ஜ் முடிந்து, ஐம்பத்தொன்றாவதற்காகத் துணி இழுத்துக் கட்டிய ஃப்ரேமை மெஷினில் மாட்டப் போகும்போது, தோளில் பையோடு சம்பந்தி கடை வாசலில் நின்றார்.

"வாங்க சம்பந்தி, வாங்க வாங்க!" என்றாள் ஊசியம்மா. மாட்டப் போன ஃப்ரேமைக் கீழே வைத்துவிட்டாள்.

"சும்மாதான் வந்தேன். கம்ப்யூட்டர் ஏதோ மக்கர் பண்ணுதுன்னு மருமக சொன்னா."

சும்மா வந்தவருடைய பையில் நாலு விதமான ஸ்க்ரூ டிரைவர், ஒரு புது டிஸ்க், இரண்டு மெமரித் துண்டு, ஒரு அட்டையில் செருகிய காகிதங்கள், அதற்குக் கட்டிய நூலில் ஒரு பேனா எல்லாம் இருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டாக்டர் நாடி பார்ப்பதுபோலக் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"பொண்ணு ஆறாவது படிக்கறப்போ வாங்கினது சம்பந்தி. மெஷினோட சேர்த்துச் செகண்ட் ஹேண்ட்ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி எத்தனை பேரு கிட்ட இருந்துச்சோ."

"புத்தம் புதுசு இதுல ஏறாது. அது கேக்கற சிப்பே இதுல கிடையாது. அதுக்கு முந்தினதும் முக்கித் திணறும். அதுக்கும் முந்தினதுன்னா ஜம்முனு உக்காரும். மெமரி மட்டும் பதினாறு மடங்கு வேணும். கொண்டாந்திருக்கேன்."

பதினாறு மடங்கு என்றதும் அவள் கண்ணை விரித்தாள். விரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

அடுத்து அவர் அட்டையை எடுத்தார். அவருடைய ஆபீஸில் ஒரு முறை உண்டு. பழைய கம்ப்யூட்டரில் இருக்கிற புரோகிராம்களை எல்லாம் வரிசையாக எழுதி, உபயோகிக்கிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகப் படித்து, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொள்வது. நானூறு பேரிடம் அப்படித்தான் வாங்கினார். நானூற்று ஒன்றாவதாக ஊசியம்மாவிடம் ஆரம்பித்தார். எல்லாம் வாயில் நுழையாத வெளிநாட்டுக் கம்பெனிப் பெயர்கள்.

"இது புது சிஸ்டத்துல ஓடாது. பரவாயில்லையா?"

"பரவாயில்லை சம்பந்தி."

"இது?"

"உங்களுக்குத் தெரியாததா? பார்த்துச் செய்யுங்க."

மொத்தம் ஒன்பது பெயர். ஒன்பதுக்கும் அவள் பதில் சர்க்கரைதான். அதில் ஆறாவது பெயர், அவளுடைய தையல் புரோகிராம். பதினெட்டு வருஷமாகத் தினமும் திறக்கிறாள். ஆனால் அதன் பெயரை ஒருநாளும் படித்ததில்லை. திரையில் ஊசியும் நூலுமாக ஒரு சின்னப் படம் இருக்கும், அதை அமுக்குவாள், திறக்கும். அவ்வளவுதான் அவளுக்கும் அதற்கும் உள்ள பழக்கம். பெயர் தெரிந்திருந்தாலும், "வேணும்" என்று வாயைத் திறந்து சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்தான். வீடு தேடி உதவ வந்த சம்பந்தியிடம் ஒன்றுக்குச் சரி, இன்னொன்றுக்கு வேண்டாம் என்று பேரம் பேசுவதா?

கையெழுத்துப் போட்டாள். மறுபக்கத்திலும் ஒன்று கேட்டார், அதையும் போட்டாள்.

இஸ்திரி மேஜையிலிருந்து வீட்டுக்காரர், "ஏம்மா, அந்த பேட்ஜு..." என்று ஒரு வார்த்தை எடுத்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வார்த்தை அவர் வாய்க்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடிந்தது. திரை பளபளவென்று நீலமாக வந்தது. ஓரத்தில் கடிகாரம். வெப்சைட்டும் திறந்தது. "பழைய டிஸ்க்கை என்ன பண்ண?" என்று சம்பந்தி கேட்டதற்கு, "அது எதுக்கு இனிமே, தூக்கிப் போடுங்க" என்றாள். காபி கொடுத்தாள். வாசல் வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து திரையில் ஊசியும் நூலும் எங்கே என்று தேடினாள்.

மேலே தேடினாள், கீழே தேடினாள். மவுஸை வைத்து மூலை முடுக்கெல்லாம் கிளறினாள். இல்லை.

"என்னங்க," என்றாள். "படத்தைக் காணோம்."

"எந்தப் படத்தை?"

"எல்லாப் படத்தையும்."

தையல் புரோகிராம் இல்லாமல் பேட்ஜ் கிடையாது. அந்த எம்பிராய்டரி மெஷினுக்குச் சொந்த மூளை கொஞ்சம்தான். ஒன்பது நாக்கு நெருப்பு அதற்குள் அடங்காது. கம்ப்யூட்டர்தான் கேபிள் வழியாக, இங்கே குத்து, அங்கே குத்து என்று வரி வரியாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் புரோகிராமைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. இன்னும் நூற்றைம்பது பேட்ஜ் பாக்கி. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கையில் இல்லாவிட்டால் இனிமேல் மொத்தமும் தொழிற்சாலைக்குத்தான் என்று நிலைய அதிகாரி முன்பே சொல்லியிருந்தார். நல்லவர்தான், ஆனால் நெருப்போடு பழகுகிறவர்களுக்கு நேரம் என்றால் நேரம்.

அப்போது போன் கிணுகிணுத்தது. குடும்பக் குழுவில் சம்பந்தி ஒரு படம் போட்டிருந்தார். நீலத் திரை, பக்கத்தில் அவர், பின்னால் காபித் தட்டோடு சிரித்தபடி ஊசியம்மா. கீழே, "சம்பந்தியம்மா கம்ப்யூட்டருக்கு மறுபிறவி!" மாப்பிள்ளை கைதட்டியிருந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா இரண்டு தரம் கைதட்டியிருந்தார். எல்லோரும் தட்டும்போது தான் தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்குமா? ஊசியம்மாவும் ஒரு கைதட்டலைப் போட்டுவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

மகளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். வேறு மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று கேட்டாள்.

"ஐயோ அம்மா, வேண்டாம்மா! அந்த மெக்கானிக் எல்லாம் மாமாகிட்ட வேலை கத்துக்கிட்டவங்க. உடனே அவர் காதுக்குப் போயிடும். ரிட்டயர் ஆனதுலேருந்து இன்னைக்குத்தான் மனுஷன் சிரிச்ச முகமா வீட்டுக்கு வந்தாரு. பாட்டெல்லாம் பாடறாரும்மா. நீ ஏதாவது சொல்லி வெச்சிடாதே."

"நான் என்னத்தடி சொல்லப் போறேன்?" என்றாள் ஊசியம்மா.

வியாழக்கிழமை காலையில் பழைய கால் மெஷினை இழுத்துப் போட்டுக் கையாலேயே ஒரு பேட்ஜ் தைத்துப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. வந்தது வாழைப்பூ. வீட்டுக்காரர் அதை இஸ்திரி போட்டுப் பார்த்தார். இஸ்திரி போட்ட வாழைப்பூ ஆனது.

பதினோரு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக ஓடி வந்தார்.

"சம்பந்தி வர்றார்!"

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளை மறுநாள் அணிவகுப்பு, மெஷின் சும்மா நிற்கிறது, பார்த்தால் கேட்பார், கேட்டால் என்ன சொல்வது? ஊசியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மெஷினுக்குள்ளேயே, செய்த கம்பெனிக்காரர்கள் மாதிரிக்காகப் போட்டு வைத்த படம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் இல்லாமலே அதை மட்டும் தைக்கும். அது ஒரு வாத்து. ஊசியம்மா பாய்ந்து போய்ப் பட்டனைத் தட்டினாள். சம்பந்தி உள்ளே காலை வைக்கவும் மெஷின் படபடவென்று ஓட ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

"பேஷ், வேலை நடக்குது போல!" என்றார் சம்பந்தி. கையில் ஒரு புது மவுஸ், பரிசாம். "ஓட்டம் எப்படி?"

"ஓட்டமா? பறக்குது சம்பந்தி! நேத்து மாதிரியா?"

அவர் சந்தோஷமாக மெஷின் பக்கம் குனிந்தார். தீயணைப்பு வீரர்களுக்கான கருநீலத் துணியில், மஞ்சள் நூலில், ஒரு வால் உருவாகிக்கொண்டிருந்தது. பிறகு முதுகு. பிறகு, மறைக்க வழியே இல்லாமல், ஒரு அலகு.

"இது... வாத்துங்களா?"

"ஆமாங்க."

"ஃபயர் ஸ்டேஷனுக்கா?"

"அவங்களுக்கும் தண்ணியிலதானே வேலை," என்றாள் ஊசியம்மா.

வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ஏற்கெனவே தேய்த்த துணியை மறுபடியும் தேய்த்தார்.

சம்பந்தி நிமிர்ந்தார். அவர் கண் மெஷினின் பின்பக்கம் போனது. அங்கே கம்ப்யூட்டரிலிருந்து வரவேண்டிய கேபிள், புதன்கிழமை அவர் கையால் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டியது, அப்படியே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நானூறு கம்ப்யூட்டரைப் பார்த்த மனிதர். கேபிளையும் பார்த்தார், வாத்தையும் பார்த்தார், மேஜை மேல் இருந்த வாழைப்பூவையும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சம்பந்தியம்மா," என்றார் மெதுவாக. "நான் எதை உடைச்சேன்?"

"நீங்க போய் உடைப்பீங்களா? ஒண்ணுமே இல்லைங்க. காபி கொண்டுவரட்டுமா?"

"காபி வேண்டாம். சொல்லுங்க."

"அட, ஒண்ணுமில்லைங்கறேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இதப் பாருங்க. ஆபீஸ்ல நானூறு பேருக்கு மாத்தினேன். அதுல முப்பது பேரு மறுநாளே வந்து எம் மேல பாய்ஞ்சாங்க. ஒருத்தரு ஃபைல எடுத்து வீசவே வந்தாரு. அவங்க கத்தினாங்க, அதனாலதான் எது ஓடலைன்னு எனக்குத் தெரிஞ்சுது, அந்த முப்பதும் அன்னைக்கே சரியாச்சு. ஒருத்தரு மட்டும் மரியாதைக்காரர். நல்லாயிருக்குன்னு சொல்லிட்டே இருந்தாரு. மூணு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, மனுஷன் கணக்கெல்லாம் கையால எழுதிட்டு இருக்காரு. கம்ப்யூட்டருக்கு மேல ஒரு துணி மூடி இருக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. நீங்க கத்தலைன்னா நான் எப்படிங்க சரி பண்றது?"

ஊசியம்மா கணவரைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையாட்டினார். பிறகு முன்யோசனையாக இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

"ஏன் அண்ணா," என்று ஆரம்பித்தாள்.

சம்பந்தி போய் அண்ணா வந்தது அவளுக்கே தெரியவில்லை. "ஏன் அண்ணா, உங்களுக்குக் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கவே முடியாதா? நான் கூப்பிட்டேனா? ஒரு வெப்சைட்டு திறக்கலைன்னு பொண்ணுகிட்ட பொலம்பினா, சூட்கேஸ் கணக்கா ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கிட்டு வந்துடறதா? பதினெட்டு வருஷமா சோறு போட்ட புரோகிராமு! அதை வேணுமா வேண்டாமான்னு வாயில நுழையாத பேரைச் சொல்லிக் கேட்டா நான் என்னத்தைக் கண்டேன்? ஊசி நூல் படம் போட்டது வேணுமான்னு கேட்டிருந்தா, உசிரே போனாலும் வேணும்னு சொல்லியிருப்பேன்! இதுல கையெழுத்து வேற! ரெண்டு பக்கமும்! நூத்தம்பது பேட்ஜு பாக்கி நிக்குது. சனிக்கிழமை காலையில அந்தப் பசங்க தோள்ல எதைக் குத்திக்கிட்டு நடப்பாங்க, உங்க மறுபிறவி போட்டோவையா?"

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் மூன்று வருஷத்து அணை, உடைந்தால் உடைந்ததுதான். கல்யாண போட்டோவில் தன் அண்ணனைக் கடைசி ஓரத்தில், பாதி முகம் வெட்டுப்படும்படி நிறுத்தியது வந்தது. தான் ஆசையாகத் தைத்துக் கொடுத்த மேஜை விரிப்பின் மேல் அவர் டார்ச் லைட்டையும் பழைய பேட்டரிகளையும் வைத்திருப்பது வந்தது. குழுவில் தினமும் காலை ஐந்து மணிக்குப் பூப் படம் அனுப்பி எல்லோரையும் எழுப்புவது வந்தது. கடைசியில் மூச்சு வாங்கி நின்றாள். நின்ற பிறகுதான், யாரிடம் பேசிவிட்டோம் என்று உறைத்தது. போச்சு, மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தாள்.

சம்பந்தி எழுந்தார். முகத்தில் கோபம் இல்லை. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

"போட்டோ விஷயத்துக்கு இப்போ ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். "புரோகிராமுக்குப் பண்ணலாம். பழைய டிஸ்க்கு எங்கிட்டதான் இருக்கு."

"தூக்கிப் போடச் சொன்னேனே!"

"நீங்க சொல்லுவீங்க. கையெழுத்தே வாங்கியிருந்தாலும் ஒரு மாசம் வெச்சிருந்துட்டுத்தான் தூக்கிப் போடுவேன். ஆளுங்க வார்த்தையை நம்பறதில்லைங்கறது என் சர்வீஸ்ல படிச்ச ஒரே பாடம்."

பையின் அடியிலிருந்து துணியில் சுற்றிய டிஸ்க்கை எடுத்தார். பெட்டியைத் திறந்து புது டிஸ்க்கைக் கழற்றினார், பழையதை மாட்டினார், ஸ்விட்சைப் போட்டார். மூன்று பேரும் திரையைப் பார்த்து நின்றார்கள். கறுப்பாக இருந்த திரையில் ஒரு வரி வந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை.

"என்ன சொல்லுது?" என்றாள்.

"மெமரி போதலையாம்."

"பதினாறு மடங்கு போட்டேன்னீங்களே?"

"அதான் எனக்கும் புரியலை." மறுபடி அணைத்துப் போட்டார். அதே வரி. மூன்றாம் தரமும் அதே.

"நேத்து வரைக்கும் கொஞ்சூண்டு மெமரியில நல்லா ஓடிக்கிட்டிருந்தது தானே? இப்போ இவ்வளவு போட்டும் பத்தலைங்குதே. என்ன பெட்டி அண்ணா இது?" என்று ஊசியம்மா சுருதியை ஏற்றினாள்.

சம்பந்தி படீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "பத்தாம இல்லை, அதிகமாப் போச்சு! இந்தப் பழைய சிஸ்டம் எழுதின காலத்துல இவ்வளவு மெமரியை யாரும் கண்ணால பார்த்ததே இல்லை. ஒரு அளவுக்கு மேல போனா இதுக்கு எண்ணத் தெரியாது. எண்ணத் தெரியாததால இல்லைங்குது. இருபது வருஷத்துக்கு முன்னாடி தெரிஞ்சு வெச்சிருந்தது, மறந்தே போச்சு. புதுசு எவ்வளவு கேக்கும்னு பார்த்தேன். பழசு எவ்வளவு தாங்கும்னு பார்க்கலை."

"அப்போ பழைய மெமரியை மாட்டுங்க."

"மாட்டலாம். நேத்து இங்கதான், இந்த மேஜை மேல வெச்சேன்." மேஜை சுத்தமாக இருந்தது.

இருவரும் மெதுவாகத் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். கடையைக் கூட்டுவது அவர் வேலை. தினமும் சாயங்காலம் மேஜையையும் தரையையும் ஒரே வழிப்பாக வழித்துக் கழிவு நூல் மூட்டையில் போடுவார். அவர் போய் மூலையிலிருந்து மூட்டையை இழுத்து வந்தார். ஆள் உயரம் இருந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் கடையைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. ஐம்பதைத் தாண்டிய மூன்று பேர், ஒரு மூட்டையைத் தரையில் கொட்டி, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக முழங்கால் வரை நூலில் உட்கார்ந்து, விரல் நீள மெமரித் தகடு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பக்கம் பாருங்க அண்ணா, உங்க முட்டிக்குக் கீழ!" "முட்டிக்குக் கீழ என் காலுதாம்மா இருக்கு!" சம்பந்தியின் வழுக்கையில் ஒரு ஊதா நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவிடலாமா என்று நினைத்து, அழகாக இருக்கிறதென்று ஊசியம்மா விட்டுவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள், வீட்டுக்காரர் தும்மித் தும்மி மூக்கில் ஆரஞ்சு நூலோடு நிமிர்ந்தபோது அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

தகடு கிடைத்தது வீட்டுக்காரருக்குத்தான். "இதுவா?" என்றார்.

துடைத்து மாட்டினார்கள். ஸ்விட்சைப் போட்டார்கள். பழைய சிஸ்டம் பழைய ராகத்தை இசைத்துக்கொண்டு எழுந்து வந்தது. திரை நடுவில் ஊசியும் நூலும். ஊசியம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள், நூல் தூசு என்று சொல்லிக்கொண்டாள்.

ஒரு பேட்ஜுக்கு ஐந்து நிமிஷம். வியாழக்கிழமை சாயங்காலம் ஐம்பது முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே சம்பந்தி வந்துவிட்டார். ஃப்ரேமில் துணி மாட்டக் கற்றுக்கொண்டார், முதல் மூன்றைக் கோணலாக மாட்டினார், திட்டு வாங்கினார், நாலாவதை நேராக மாட்டினார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசி பேட்ஜ் மெஷினிலிருந்து இறங்கியது. ஒன்பது நாக்கும் தனித்தனியாக, இப்போதுதான் பற்றிக்கொண்டது போல இருந்தது.

"எல்லாம் சரி, அந்தப் படிவம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள்.

சம்பந்தி தயங்கித் தயங்கித் தன் போனை எடுத்தார். இரண்டு நிமிஷத்தில் அதிலேயே படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டார்.

ஊசியம்மா அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதைப் போன்லயே பண்ணலாமா?"

"பண்ணலாம்."

"புதன்கிழமையே பண்ணியிருக்கலாமா?"

"யோசிச்சா... பண்ணியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு, அவர் தானாகவே ஸ்டூலில் உட்கார்ந்து, ஆரம்பியுங்கள் என்பதுபோல அவளைப் பார்த்தார். அவளும் ஆரம்பித்தாள். கால்மணி நேரம் நடந்தது.

சனிக்கிழமை ஆறே முக்கால் மணிக்கு இருநூறு பேட்ஜும் நிலையத்தில் இருந்தன. அதிகாரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அடுத்த வருஷமும் நீங்கதாம்மா" என்றார். மூன்று பேரும் மைதான ஓரத்தில் நின்று அணிவகுப்பைப் பார்த்தார்கள். இருநூறு இளம் தோள்கள், இருநூறு நெருப்பு. சம்பந்தி உற்சாகம் தாங்காமல் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். கீழே நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதினார். நான் கெடுத்தேன், சம்பந்தியம்மா திட்டினாங்க, அப்புறம் சரியாச்சு.

அரை நிமிஷத்தில் ஊசியம்மாவின் போன் அடித்தது. மகள்.

"அம்மா! மாமாவைத் திட்டினியாம்மா? என்னம்மா சொன்னே? நான் அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

சம்பந்தி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"நான்தாம்மா பேசறேன். உங்கம்மா நல்லாத் திட்டினாங்க. முழுசா. பாதியில நிறுத்தாம." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க அத்தை இருந்தவரைக்கும் எனக்குத் தினம் கிடைக்கும். அவ போனதுலேருந்து ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்லை. நீயும் அவனும் மூணு வேளையும் மரியாதைதான் பரிமாறறீங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருக்கும்மா எனக்கு. எப்போ கிளம்பணும்னுதான் தெரியலை."

மைதானத்தில் வாத்தியம் முழங்கியது. ஊசியம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அப்போதுதான் மனசு ஆற மாட்டாமல் வலித்தது. மூன்று வருஷமாக அவரிடம் கொட்டிய தேனையெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

பிறகு மகளின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "மாமா... ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"நீங்க தினமும் குளிச்சிட்டு வர்றப்போ ஈரத் துண்டைக் கட்டில் மேலயே போட்டுட்டுப் போறீங்க மாமா. மூணு வருஷமா. மெத்தையில ஒரு ஓரம் காயறதே இல்லை."

"அப்புறம்?" என்றார் சம்பந்தி.

"அப்புறம் டிவி சத்தம். அப்புறம் அந்த அஞ்சு மணிப் பூ..." மகளின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஊசியம்மாவுக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரிந்தது. அது அவளுடைய குரலேதான்.

சம்பந்தி மைதான ஓரத்துப் பெஞ்சில் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வெயில் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு, போனைக் காதோடு நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ம், சொல்லு," என்றார். "அவசரமே இல்லை. ஒவ்வொண்ணாச் சொல்லு."